மொட்டக்கல் கோயிலுக்கு ஒரு சாமியார்

மொட்டக்கல் தோட்டம், கீழ் டிவிசன்,
பலாபத்வல.
2.7.1989

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மகன் மதலைமுத்து சாமி அவர்களுக்கு, அம்மா சவேரியம்மா தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். உங்க சுகத்துக்கு மாதாவைக் கேட்டுக்கிறேன்.

முதல்ல நல்ல சேதி எல்லாம் சொல்லிடுறேன். உங்க அண்ணன் மூத்த மக ஜெசிந்தா ஓ.எல். பாஸ். கணக்குல திறமைச் சித்தி. இந்த டிவிசன்ல கணக்குல திறமைச் சித்தி எடுத்த பொம்பளப் புள்ள வேற யாரும் இல்ல, பெரிய கிளாக்கரே கூப்பிட்டு விசாரிச்சார். அவ அண்ணன் தனிஸ்லாஸுக்கு றப்பர் ஸ்டோர்ல வேலை கிடைச்சிருச்சு. சட்டைப் பையில பேனா குத்திக்கிட்டுப் போறான். எழுதுறானோ இல்லையோ, குத்திக்கிட்டுப் போறான். உங்க அக்கா மக பிலோமினா தைச்ச சட்டையத்தான் இப்ப தொரை பொஞ்சாதி நோனாவே போடுது. சின்னப் பேரன் றோச், ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல முதலாவதா வந்து பிளாஸ்டிக் பேசின் ஒண்ணு கொண்டு வந்தான். அதுலதான் இப்ப அரிசி களையிறேன். இத்தனைக்கும் மேல குடும்பத்துல ஒரு சாமியார். அஞ்சாங் கிளாசோட நின்ன ஒருத்தி வயித்துல இதெல்லாம் வந்திருக்கு. நான் சொல்லிக்காம வேற யாரு சொல்லிக்கிறது.

இப்ப விசயத்துக்கு வாறேன். நம்ம ஆரோக்கிய மாதா கோயில்ல பூசை நடந்து எத்தனையோ மாசம். மாத்தளை டவுன் பங்குச்சாமி அன்சலம் சாமி மாசம் ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிள்ல வருவார்தானே, உயிர்த்த ஞாயிறுக்குப் பொறகு அவர் தலையே காணோம். உபதேசியார் இந்தியா போனதுல இருந்து ஞாயித்துக்கிழமை செபமும் நான்தான் சொல்றேன். செப்டம்பர் எட்டு திருநாள் வருது. போன ஞாயிறு செபம் முடிஞ்சு சனங்க முனங்குனாங்க, இந்த வருசம் திருநாளும் இல்லையான்னு. எனக்குப் பொறுக்கல்ல. பீடத்துப் படியில ஏறி நின்னு சொல்லிட்டேன், இந்த வருசம் என் மகன் சாமி வந்து பாட்டுப்பூசை வைப்பார், மாதா சுரூபம் வச்ச கூடு லயம் லயமா சுத்தும்னு. சொல்லி முடிச்ச பொறகுதான் உங்ககிட்டக் கேக்கலையேன்னு நினைவு வந்துச்சு. பெத்தவ கேக்கணுமா.

தோட்டத் தலைவர் செல்லச்சாமி கூடு சோடிக்கிற வேலையை எடுத்துக்கிட்டார். மாரியம்மன் கோயில் ஆளுங்க தப்பு அடிக்க வாறாங்க. பலாபத்வல கடை மர்சூக் முதலாளி சோத்துக்கு அரிசி தாறேன்னார். நீங்க ஏழாந் தேதியே வந்துடுங்க.

அம்மா
சவேரியம்மா


பொகவந்தலாவை
21.7.1989

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஊரடங்கிலும் பஸ் மறியலிலும் கிடந்து நேற்றுத்தான் வந்தது. ஜெசிந்தாவுக்கு என் ஆசீர். றோச் ஓடியதற்கும், பேனாவுக்கும் சேர்த்து.

அம்மா, நான் வர முடியாது. கோபப்படுமுன் முழுவதையும் படியுங்கள். மொட்டக்கல் கோயில் அன்சலம் சாமியின் பங்கு. அவர் சொல்லாமல் அங்கே நான் ஒரு செபமாலை மந்திரிக்கக்கூட உரிமை இல்லை. இன்னொருத்தர் அடுப்பில் போய் நான் உலை வைக்க முடியுமா? பக்கத்து லயத்து மருமகள் உங்கள் அடுப்பைத் தொட்டாலே நீங்கள் என்ன பாடு படுத்துவீர்கள். முதலில் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் "வா" என்று ஒரு வரி எழுதினால் நடந்தாவது வருவேன்.

எனக்கு இங்கே ஏழு தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பூசை வைத்துவிட்டு மூன்றாவதில் பிரசங்கத்தின் நடுவே எந்தத் தோட்டத்தில் நிற்கிறேன் என்று மறந்துபோனது. போன வாரம் சாகக் கிடக்கிறார் என்று ஒரு கிழவருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க மலையேறிப் போனால், அவர் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். "சாமி, மழை நேரம் எதுக்கு வந்தீங்க" என்று என்னைத்தான் ஏசினார். இதுதான் என் பிழைப்பு.

அன்சலம் சாமி ஏன் வரவில்லை என்று யாராவது போய்க் கேட்டீர்களா? குருமடத்தில் எனக்குச் சிங்களம் படிப்பித்தவர் அவர். சும்மா இருக்கிற ஆள் இல்லை.

அன்புடன்,
மதலைமுத்து


மொட்டக்கல்
6.8.1989

மதலைமுத்துவுக்கு,

சாமி, கீமின்னு எழுத இன்னைக்குக் கை வரல்ல. நீன்னுதான் எழுதப் போறேன்.

நீ சொன்ன மாதிரியே டவுனுக்குப் போனேன். அலுவிகாரையில பஸ்ஸை நிப்பாட்டி ஆமிக்காரன் என் பையைக் கொட்டச் சொன்னான். அன்சலம் சாமிக்குக் கொண்டு போன கொக்கோப் பழமும் செபமாலையும்தான் இருந்துச்சு. சாமி பங்களா வராந்தாவுல உட்கார இடம் இல்ல. எல்லாம் சிங்களப் பொம்பளைங்க. ஒருத்தியாவது சிலுவை போட்டாளா, இல்ல. புத்தர் பன்சலைக்குப் போற சனம். சமையல் பாக்குற குசினிக்காரர் கிட்டக் கேட்டா, சாமி ஆமிக் கேம்புக்குப் போயிருக்கார்ங்கிறார். சாமியாருக்கு கேம்புல என்ன வேலை.

பொழுது சாயுற நேரத்துல வந்தார். அங்கியெல்லாம் சேறு. நான் தோத்திரம் சொல்லி, திருநாள் விசயத்தைச் சொன்னேன். "அம்மே, இந்த வருசம் வேணாம்"னார். என் மகனைக் கூப்பிட ஒரு வரி எழுதுங்கன்னேன். "யாரும் வர வேணாம். கூட்டம் கூட்ட வேணாம். தப்பு அடிச்சுக்கிட்டு ரோட்டுல இறங்க வேணாம். ஞாயித்துக்கிழமை நீங்க இங்க வாங்க பூசைக்கு." அவ்வளவுதான். மிட்டாய்க்கு அழுற புள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துட்டு, அந்தப் பொம்பளைங்க பக்கம் திரும்பிட்டார். அவங்களோட மட்டும் பேச நேரம் இருக்கு.

நாங்க மனுசங்க இல்லையா. ஞானஸ்நானம் வாங்குனது நாங்க, வராந்தா அவங்களுக்கு.

வந்த வேகத்துல உட்கார்ந்து பிஷப் ஆண்டகைக்கு ஒரு பெட்டிசம் எழுதிட்டேன். நானே எழுதுனேன், ஜெசிந்தா எழுத்துப் பிழை மட்டும் பார்த்தா. அன்சலம் சாமி தோட்டத்து ஆத்துமாக்களைக் கைவிட்டுட்டார், வேதக்காரங்க அல்லாதவங்களோட நாள் பூரா திரியிறார், எங்களுக்கு வேற சாமி வேணும். செல்லச்சாமி தலைவர் கையெழுத்துப் போட்டார், மத்தவங்க பெருவிரல். றெஜிஸ்தர் பண்ணி அனுப்பியாச்சு. அஞ்சாங் கிளாஸ்காரி எழுதுனா எப்படி இருக்கும்னு பார்க்கட்டும்.

அம்மா


பொகவந்தலாவை
24.8.1989

அம்மா,

இதைக் கண்டவுடன் இன்னொரு கடிதம் எழுதுங்கள். கோபத்தில் எழுதியது, திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று. தலைவரும் கையெழுத்துப் போடட்டும். உடனே.

அந்தப் பெண்கள் யாரென்று கேட்காமலே வந்துவிட்டீர்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஆமிக்காரர்கள் இரவில் ஜீப்பில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். ஜேவிபி, காட்டில் இருந்து அரசை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்கள் என்று. அப்படியானவர்களும் உண்டு, அப்படி இல்லாதவர்களும் உண்டு. போஸ்டர் ஒட்டினவன், ஒட்டினவனுக்குப் பசை கிண்டிக் கொடுத்தவன், பக்கத்தில் நின்றவன். பொலிஸில் முறைப்பாடு எழுத மாட்டார்கள். பன்சலைப் பிக்கு ஹாமுதுரு வாய் திறந்தால் அவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தாய் தனியாகப் போய் நின்றால் துவக்கைக் காட்டி விரட்டுகிறார்கள். வெள்ளை அங்கியோடு ஒருவர் கூட நின்றால் மட்டும் உள்ளே இருக்கிறவன் வாசலுக்கு வந்து ஏதோ ஒன்று சொல்கிறான். அதற்காகத்தான் அன்சலம் சாமி தினமும் போகிறார். பெயர் சொல்லிக் கேட்கிறார். வெளியில் ஒருத்தர் பெயர் சொல்லிக் கேட்கிற பிள்ளையை உள்ளே தொலைப்பது கொஞ்சம் கஷ்டம். அவ்வளவுதான் அவர் கையில் இருக்கிற பலம்.

இதற்காக ஆமிக்காரனுக்கும் அவரைப் பிடிக்காது, காட்டில் இருக்கிறவனுக்கும் பிடிக்காது, டவுனில் பெரிய மனிதர்களுக்கும் பிடிக்காது. பங்குச்சாமியை மாற்றுங்கள் என்று மேலிடத்தை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை அவர்கள் கையில் ஒரு காரணம் இல்லை. இப்போது அவருடைய சொந்தச் சனமே வேண்டாம் என்று பெருவிரல் வைத்துக் கொடுத்திருக்கிறது.

தாமதம் செய்யாதீர்கள்.

மதலைமுத்து


மொட்டக்கல்
12.9.1989

மகன் சாமிக்கு,

உங்க கடிதம் திருநாளுக்கு மறுநாள்தான் கைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே அன்சலம் சாமியை மாத்திட்டாங்க. காலையில கார் வந்துச்சாம், ஒரு பெட்டியோட ஏறிப் போயிட்டாராம். கொழும்புப் பக்கம் எங்கேயோ வயசாளிங்க மடத்துல விட்டிருக்காங்கன்னு குசினிக்காரர் சொல்லி அனுப்பினார். போனதை நான் எப்படித் திருப்பி எழுதுறது. நான் என்ன போஸ்ட் மாஸ்டரா, போட்ட கடிதாசியைப் பையில கைவிட்டு எடுக்க.

திருநாளைப் பத்திக் கேக்குறீங்களா. கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். கூடு சோடிச்சாச்சு, சோறு வெந்தாச்சு, சாமியார் இல்ல. மாரியம்மன் கோயில் கமலாட்சி இடுப்புல கை வச்சுக்கிட்டுக் கேக்குறா, "என்ன சவேரியம்மாக்கா, எங்க பூசாரியை வேணும்னா கூட்டிக்கிட்டு வரட்டா, அவர் சும்மாதான் இருக்கார்"னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய. செபமாலை சொல்லி முடிச்சேன். கூட்டைக் கோயிலைச் சுத்தி மட்டும் தூக்குனோம். மாதா முகத்தை நிமிர்ந்து பார்க்கல்ல.

இதெல்லாம் ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருக்குமா. அன்னைக்கு வராந்தாவுல அந்தச் சாமி உட்கார வச்சு ரெண்டு வார்த்தை விளக்கமா சொல்லியிருக்கக் கூடாதா. தோட்டத்துக் கிழவிக்கு என்ன புரியும்னு நினைச்சுட்டார். புரியாதவ என்ன செய்வா, பெட்டிசம்தான் எழுதுவா.

இப்ப டவுன்ல சாமியாரே இல்ல. வராந்தாவுல அந்தப் பொம்பளைங்க இன்னும் வந்து உட்கார்ந்துட்டுப் போறாங்களாம்.

அம்மா


பொகவந்தலாவை
30.9.1989

அம்மா,

அன்சலம் சாமியின் இடத்துக்கு மேலிடம் என்னை நியமித்திருக்கிறது. தோட்டத்துச் சனம் வேறு சாமி கேட்டிருக்கிறது, உனக்கு இரண்டு பாஷையும் வரும், போ என்றார்கள். நான் கேட்டுப் பெற்றதல்ல.

வருகிற வாரம் பொறுப்பேற்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு மாலையோடு யாரும் வரக்கூடாது. நீங்களும்தான்.

மதலைமுத்து


மொட்டக்கல்
4.10.1989

அருமை மகன் சாமி அவர்களுக்குத் தோத்திரம்.

மாதா கண் திறந்துட்டா. சந்தியாகு மகன் சாமி நம்ம பங்குக்கே சாமின்னு டிவிசன் முழுக்கப் பேச்சு. உங்க அப்பா இருந்திருந்தா கள்ளுக்கடையில நின்னு எல்லாருக்கும் சொல்லியிருப்பார், அது ஒண்ணுதான் நல்லதாப் போச்சு. கமலாட்சி நேரா வீட்டுக்கே வந்து, "அக்கா, தப்பு செட்டைத் திருப்பிக் கொண்டு வரச் சொல்லட்டா"ங்கிறா. விட்டுப்போன பூசையை செபமாலை மாதா திருநாளோட சேர்த்து வச்சுடலாம். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். உங்களுக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்புக்கு ஆள் சொல்லி வச்சிருக்கேன்.

இனி கடிதாசி எதுக்கு. ஒரு பஸ் தூரம்.

அம்மா


சாமி பங்களா வராந்தா
27.10.1989

மகனுக்கு,

உன் வராந்தாவுல, உன் குசினிக்காரர் குடுத்த தாள்ல எழுதுறேன். காலையில இருந்து உட்கார்ந்திருக்கேன். நீ இல்ல. எங்க போயிருக்கேன்னு நான் கேக்கவே இல்ல.

சுண்ணாம்பு அடிச்ச கோயில் பூட்டியே கிடக்கு. செபமாலை மாதா திருநாளும் போச்சு. பொகவந்தலாவையில இருந்தப்ப தூரம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப பக்கத்துல வச்சுக்கிட்டுச் சனத்துக்கு என்ன பதில் சொல்றது. செல்லச்சாமி தலைவர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறார். "இதுக்கு அந்தச் சிங்களச் சாமியே தேவல"ன்னு என் காதுபடச் சொன்னார்.

எனக்குப் பக்கத்துல குசுமான்னு ஒருத்தி உட்கார்ந்திருக்கா. அலுவிகாரையில வெத்திலை விக்கிறவ. ஏ.எல். படிக்கிற மகனை ஆவணி மாசம் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம். எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல பேசிக்கிட்டிருந்தோம். நீ என் மகன்னு சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. வெத்திலை ஒண்ணு மடிச்சுக் குடுத்தா. வாங்கிக்கிட்டேன். அன்சலம் ஃபாதர் ஏன் போனார்னு உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டா. வெத்திலையைத் துப்புறேன்னு எழுந்து முத்தத்துக்குப் போயிட்டேன்.

கடைசி பஸ் போயிடும். கிளம்புறேன்.

அம்மா


மாத்தளை
11.11.1989

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் போய்ச் சிறிது நேரத்தில் வந்துவிட்டேன். வராந்தா முழுக்க உங்கள் கருவாட்டுக் குழம்பு வாசம். சாப்பிட்டேன். சட்டியை அனுப்பிவைக்கிறேன்.

நான் அங்கே வராததற்கான காரணத்தை உட்கார வைத்து விளக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள் அல்லவா, சொல்கிறேன். நான் கேம்புக்குப் போகிறபோதும் திரும்புகிறபோதும் நம்பர் இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னால் வருகிறது. நான் நோயாளி வீட்டுக்குப் போனால் அது ஒழுங்கை முனையில் நிற்கிறது. நான் போகிற வீட்டுக்கு மறுநாள் ஆள் வந்து, சாமி எதற்கு வந்தார் என்று விசாரிக்கிறார்கள். அதை நான் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். தனிஸ்லாஸ் இருக்கிறான், அவன் வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். தமிழ்ப் பையன்களை வடக்கு இயக்கத்துப் பெயர் சொல்லி ஏற்றிப் போவார்கள்.

ஆகையால் கூட்டம் கூட்ட வேண்டாம், தப்பு அடித்து ரோட்டில் இறங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே பூசைக்கு வாருங்கள், சனத்தோடு சனமாக. வேலை நாளில் வர வேண்டாம்.

இதே வார்த்தைகளை உங்களிடம் முதலில் சொன்னவர் நான் இல்லை.

அன்சலம் சாமிக்கு எழுதினேன். பதில் வந்தது. கேம்பில் எந்த ஆளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தார். உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. குசுமாவின் மகனைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்கு வா என்கிறார்கள். போகிறேன்.

மதலைமுத்து


மொட்டக்கல்
26.11.1989

மதலைமுத்துவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இந்தத் தாள் மேல்பக்கம் கிழிஞ்சிருக்கும். அதுல வேற ஒண்ணு எழுத ஆரம்பிச்சிருந்தேன். மகா வணக்கத்துக்குரிய ஆண்டகை அவர்களுக்குன்னு. மதலைமுத்து சாமி தோட்டத்து ஆத்துமாக்களைக் கைவிட்டுட்டார், எங்களுக்கு வேற சாமி வேணும். எப்படி எழுதணும்னு எனக்கு இப்ப நல்லாத் தெரியும். செல்லச்சாமி தலைவர் பேனாவோட வாசல்லயே நின்னார், அவருக்கு உன் மேல அவ்வளவு கோபம். அது மேலிடத்துக்குப் போனா அவங்க உன்னை மறுபடியும் மலைப்பக்கம் அனுப்பிருவாங்க. கிழவருக்குப் பூசப் போயி ஏச்சு வாங்கிக்கிட்டு உயிரோட கிடப்பே. நானும் தூங்குவேன்.

பாதி எழுதுனப்போ குசுமா லயத்துக்கு வந்துட்டா. எப்படித்தான் வழி கேட்டு வந்தாளோ. மூச்சு வாங்குது, மடியில எனக்கு வெத்திலை. உட்காரல்ல. "ஃபாதர் நாளைக்கும் வருவார்தானே அம்மே"ன்னு கேட்டா. அவளுக்கு அது ஒண்ணுதான் கேக்க இருந்துச்சு. தலைவர் என்னைப் பார்க்கிறார். நான் தாளைப் பார்க்கிறேன். வருவார்னு சொல்லிட்டேன். தலைவர் பேனாவை மூடிக்கிட்டுப் போயிட்டார்.

எனக்கு ஒண்ணும் மனசு ஆறல்ல. உன் மேலயும் கோபம், அந்தச் சாமி மேலயும் கோபம், மாதா மேலயும்தான். பெத்தவளைக் கேக்காம முடிவு பண்ணி வச்சிருக்கீங்க எல்லாரும். எழுதத் தெரிஞ்ச கை, எழுதாம இருக்கிறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது.

குசுமா போறப்போ அவ மகன் போட்டோவைக் காட்டுனா. பத்து வயசுப் பொடியன், வெள்ளை உடுப்போட பன்சலைக்குப் போறப்போ எடுத்தது. அவகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். கேம்பு வாசல்ல அதை நீட்டுனா, இந்த முகத்துல உள்ளுக்குள்ள யாரும் இல்லைன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டானாம். மீசை இப்படி இருக்கும், நெத்தியில தழும்பு இப்படி இருக்கும்னு அவ கையாலயே வரைஞ்சு காட்டுறா. யாருக்குப் புரியும் அது.

அவ போன பொறகு சுவர்ல உள்ள உன் படத்தைக் கழட்டிப் பார்த்தேன். குருப்பட்டத்தன்னைக்கு எடுத்தது. மாலைக்குள்ள பாதி முகம் மறைஞ்சிருக்கு. கன்னம் உப்பி இருக்கே. இப்ப நீ கண்ணாடி போட்டு, முடி கொட்டி, வேற ஆளா இருக்கே.

அதனால டவுன்ல ஸ்டூடியோவுக்குப் போ. அங்கியோட ஒண்ணு எடு, சும்மா சட்டையோட ஒண்ணு எடு. மாலை கீலை வேணாம். காது ரெண்டும் தெரியணும். நேரா பார். எடுத்ததும் நீ கொண்டு வராத, யார் கையிலயும் குடுத்து விடாத. தபால்ல போடு. இந்தக் கிழமைக்குள்ள போடு.

அம்மா